சென்னை புறநகர்ல அபார்ட்மெண்ட்ல வீடு வாங்கலாமா? நல்லது கெட்டது என்ன?

கேள்வி கேட்டவங்க வேளச்சேரியிலயோ சைதாப்பேட்டையிலயோ வாடகைக்கு இருப்பீங்கன்னு நினைக்கிறேன். ஒரு குழந்தை, வருஷா வருஷம் வாடகையை ஏத்துற ஹவுஸ் ஓனர், ஞாயித்துக்கிழமை ஆனா மேடவாக்கம், பெரும்பாக்கம், சித்தாலப்பாக்கம்னு சைட் பார்க்கக் கிளம்புறது. அங்க போனா மாடல் ஃப்ளாட்டோட கிச்சனையும் மொட்டை மாடியையும் காட்டி அனுப்புவாங்க. நல்லது கெட்டதுன்னு யாரைக் கேட்டாலும் ஒருத்தர் பார்க், ஜிம், செக்யூரிட்டின்னு சொல்வார், இன்னொருத்தர் தூரம், ட்ராஃபிக்னு சொல்வார். ரெண்டும் உண்மைதான். ஆனா நான் மேடவாக்கம் தாண்டி ஒரு அபார்ட்மெண்ட்ல பத்து வருஷத்துக்கு மேல குடியிருக்கேன், அதுல பாதிக்கு மேல அசோசியேஷன் டிரெஷரரா கணக்கு பார்த்தவ. நான் சொல்றது ஒண்ணுதான். தண்ணி எங்கேருந்து வருது, அதுக்கு ஆகுற காசை வீடுகளுக்குள்ள எப்படிப் பிரிக்கிறாங்க, இது ரெண்டும் தெரியாம அட்வான்ஸ் குடுக்காதீங்க.

"எங்க ஏரியாவுல போர் போட்டா அறுபது அடியில தண்ணி, எங்களுக்கு அந்தப் பிரச்சனையே இல்ல"ன்னு யாராவது சொல்வீங்க. இருக்கலாம், உங்க ஏரியாவைப் பத்தி நான் பேசல. நாங்க குடிவந்தப்போ எங்க தெருவுல பைப் தண்ணி கிடையாது, பாதாள சாக்கடையும் கிடையாது. ரெண்டு போர், அதுல ஒண்ணு உப்பு. அதுல தலைக்குக் குளிச்சா முடி கொட்டும், கெய்சர் காயில் வருஷத்துக்கு ஒண்ணு போகும். மீதிக்கு லாரி. உள்ள வர்ற தண்ணிக்கு ஒரு லாரி, வெளிய போற கழிவுக்கு இன்னொரு லாரி. ரெண்டுக்கும் நம்மதான் காசு குடுக்கணும், இதை எந்த பில்டரும் பிரவுச்சர்ல போடறதில்ல.

2019 கோடைய ஞாபகம் இருக்கும். பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் நாலு ஏரியும் வறண்டு போய், ஜோலார்பேட்டையிலிருந்து வில்லிவாக்கத்துக்கு ரயில்ல தண்ணி கொண்டுவந்த வருஷம். எங்க ரெண்டு போர்ல ஒண்ணு காத்து விட ஆரம்பிச்சுடுச்சு. 12,000 லிட்டர் லாரி விலை ரெண்டு மடங்கு ஆச்சு, அந்த விலைக்கும் முன்னாடி நாளே சொல்லி வச்சாதான் வரும், ராத்திரி ஒரு மணிக்கு வந்து ஹார்ன் அடிப்பான், யாராவது எழுந்து போய் சம்ப் (தரைக்கடியில இருக்கிற தண்ணித் தொட்டி) மூடியைத் திறந்து நிக்கணும். காலையில ரெண்டு மணி நேரம், சாயந்திரம் ரெண்டு மணி நேரம்தான் வால்வு திறக்கறதுன்னு முடிவு பண்ணினோம். அந்த நேரத்துல எல்லா வீட்லயும் எல்லா பக்கெட்டும் டிரம்மும் ரொம்பும், சாயந்திரம் பழைய தண்ணியைக் கீழ ஊத்திட்டுப் புதுசு பிடிப்பாங்க. அதைப் பார்த்தா எனக்கு வயிறு எரியும்.

எங்க மெயின்டனன்ஸ் சதுர அடி கணக்கு. 900 சதுர அடின்னா இவ்வளவு, 1,200ன்னா இவ்வளவு. கீழ் வீட்ல ரிட்டயர்டு வாத்தியாரும் அவர் சம்சாரமும் ரெண்டே பேர். ஆர்ஓ மெஷின்லருந்து வீணாப் போற தண்ணியை பக்கெட்ல பிடிச்சு வீடு துடைக்கிறவங்க. அவங்களும் தண்ணிக்கு ஒரு காசு, ஆறு பேர் இருந்து தினம் ரெண்டு தடவை வாஷிங் மெஷின் ஓட்டுற வீடும் அதே காசு. அந்த அம்மா ஒருநாள் என்கிட்ட, "நாங்க இவ்வளவு சிக்கனமா இருந்து என்னம்மா பிரயோஜனம், பென்ஷன்ல பாதி லாரிக்குப் போகுது"ன்னாங்க. அதுக்கப்புறம் எனக்குச் சரியா தூக்கம் வரல. வீட்டுக்கு வீடு தண்ணி மீட்டர் போடணும்னு மீட்டிங்ல எழுந்து சொன்னேன்.

கார் பார்க்கிங்ல பிளாஸ்டிக் சேர் போட்டு நடந்த அந்த மீட்டிங்கை என் ஆயுசுக்கும் மறக்க மாட்டேன். ஒருத்தர், தண்ணிக்குக் கணக்கு பார்க்குறது பாவம்னார். ஒருத்தர், வாடகைக்கு விட்டிருக்கேன், மீட்டர் செலவை டெனன்ட்கிட்ட வாங்குங்கன்னார். இன்னொருத்தர், என் வீட்ல எவ்வளவு தடவை குளிக்கிறாங்கன்னு நீங்க பார்ப்பீங்களான்னு கத்தினார். நிஜமான சிக்கல் ஒண்ணை எங்க பிளம்பர் அண்ணன்தான் சொன்னார். மொட்டை மாடி டேங்க்லருந்து ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரே ஒரு பைப் வர்றதில்ல, கிச்சனுக்கு ஒண்ணு, ரெண்டு பாத்ரூமுக்கும் தனித்தனியா ஒண்ணு, ஆக வீட்டுக்கு மூணு மீட்டர் வேணும். கட்டும்போதே யோசிச்சு ஒரு லைனா இழுத்திருந்தா ஒரு மீட்டர்ல முடிஞ்சிருக்கும். (புதுசா கட்டுற பில்டிங்ல வாங்குறவங்க இதை இப்பவே கேளுங்க.) நான் கொட்டேஷன் மூணு வாங்கி, லாரி செலவு மாசா மாசம் எவ்வளவு ஆச்சுன்னு ஒரு வருஷக் கணக்கையும் எழுதி, ஒவ்வொரு வீடா போய்க் காட்டினேன். முதல் கையெழுத்து வாத்தியார் போட்டார். எதிர்த்துக் கத்தினவர் கடைசியில போட்டார், ஆனா போட்டார்.

மீட்டர் மாட்டின முதல் மாசமே, பூட்டிக் கிடந்த ஒரு வீட்டோட மீட்டர் ஓடிட்டே இருந்துச்சு. ஓனர் வெளிநாட்ல. சாவி வாங்கித் திறந்து பார்த்தா ஃப்ளஷ் டேங்க் வால்வு போய், ராவும் பகலும் தண்ணி ஒழுகிட்டிருக்கு. எத்தனை மாசமா ஒழுகுச்சோ. லாரில வாங்கின தண்ணி, நேரா செப்டிக் டேங்க்குக்குப் போய், அங்கிருந்து இன்னொரு லாரில வெளிய போயிட்டிருந்திருக்கு. அடுத்த ரெண்டு மூணு மாசத்துல எங்க லாரி எண்ணிக்கை பாதிக்குப் பக்கத்துல குறைஞ்சது. யாரும் குளிக்காம இல்ல. சாயந்திரம் டிரம்மைக் கவுக்கறது நின்னுச்சு, ஒழுகுற குழாய்க்கு வாஷர் போட்டாங்க, அவ்வளவுதான். வாத்தியார் வீட்டு பில் மூணுல ஒரு பங்கா இறங்குச்சு. அந்த பில்லைக் கையில குடுத்தப்போ எனக்கு இருந்த சந்தோஷத்தை இங்க எழுதத் தெரியல.

இதைச் சொல்லும்போது இன்னொண்ணையும் சொல்லிடறேன், கேள்விக்குச் சம்பந்தமில்லன்னு நினைச்சா தாண்டிப் போங்க. டிரெஷரர் வேலை என்கிட்ட எப்படி வந்துச்சு தெரியுமா? "மேடம் வீட்ல சும்மாதானே இருக்கீங்க, நீங்க பாருங்களேன்." நான் பி.காம்., கல்யாணத்துக்கு முன்னாடி ஒரு ஆடிட்டர் ஆபீஸ்ல வேலை பார்த்தவ. மாமியாரைப் பார்த்துக்கணும்னு விட்டேன். சமையல், மாமியாருக்கு மருந்து, பையனோட பிளஸ் டூ, இதுக்கு நடுவுல ராத்திரி உக்காந்து வவுச்சர் எழுதினேன், லாரிக்காரன்கிட்ட பேசினேன், லிஃப்ட் கம்பெனிக்காரனோட சண்டை போட்டேன். வருஷாந்திர மீட்டிங் மினிட்ஸ்ல, தண்ணி மீட்டர் திட்டத்தை வெற்றிகரமா நிறைவேத்தினதுக்கு செக்ரட்டரிக்கு நன்றின்னு இருந்துச்சு. என் பேர் இல்ல. எங்க வீட்டுக்காரர் விடுன்னார். நான் விடல, அடுத்த மீட்டிங்ல எழுந்து கேட்டு மினிட்ஸைத் திருத்த வச்சேன். புறநகர்ல எத்தனையோ அபார்ட்மெண்ட் ஓடுறது வீட்ல "சும்மா" இருக்கிற பொம்பளைங்களாலதான். சம்பளம் இல்லாத இந்த வேலைக்கு மரியாதையாவது குடுங்க.

சரி, கேள்விக்கு வர்றேன். "அபார்ட்மெண்ட்ல மண்ணு சொந்தமில்ல, ஆகாயத்தை வாங்குற மாதிரி"ன்னு எங்க அண்ணன் இன்னைக்கும் சொல்வார். அவருக்கு முடிச்சூர்ல தனி வீடு. 2015 டிசம்பர்ல அடையாறு பொங்கினப்போ அவர் வீட்டுக் கீழ்த்தளம் முழுசா முங்கி, நாலு பேரும் மாடியில உக்காந்து படகு வர்ற வரைக்கும் பிஸ்கட் தின்னாங்க. 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல்ல எங்க முறை. பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தைச் சுத்தி இருக்கிற நாங்க எல்லாருமே மாட்டினோம், பெரும்பாக்கம் பக்கமெல்லாம் டிவில பார்த்திருப்பீங்க. எங்க சம்ப்ல சாக்கடைத் தண்ணி கலந்துடுச்சு, கீழ இருந்த ஈபி பேனல் நனைஞ்சு கரண்ட் போச்சு, லிஃப்ட் நின்னுச்சு, ஜெனரேட்டரையும் தரையோட தரையா வச்சிருந்ததால அதுவும் செத்துச்சு. ஆனா கீழ் வீட்டுக்காரங்க யாரும் தெருவுக்குப் போகல, மேல் வீடுகள்ல பிரிச்சு வச்சோம். யார் வீட்ல சிலிண்டர் ஃபுல்லா இருக்கோ அந்த வீட்ல சோறு, இன்னொரு வீட்ல ரசம். தண்ணி வடிஞ்சதும் சம்ப்பை இறைச்சு, சுண்ணாம்பும் பிளீச்சிங் பவுடரும் போட்டுக் கழுவி, எல்லாச் செலவையும் பொதுக் கணக்குலருந்து எடுத்தோம். அண்ணன் தன் வீட்டைத் தனியாளா கழுவினார். நான் அவரைக் குறை சொல்லல, அவர் தோட்டத்துல இருக்கிற மாமரம் எனக்குக் கிடைக்காது, அது எனக்கும் ஏக்கம்தான்.

மண்ணு சொந்தமில்லன்னு சொல்றதும் முழுசா சரியில்ல. பத்திரத்துல யூடிஎஸ்னு ஒரு பங்கு இருக்கும், பிரிக்கப்படாத மனைப் பங்கு. நாளைக்குக் கட்டடம் பழசாகி இடிச்சுக் கட்டினா அதுதான் உங்க பிடி. 1994-ல போட்ட அபார்ட்மெண்ட் சட்டத்துக்குப் பதிலா தமிழ்நாட்ல 2022-ல புதுச் சட்டம் போட்டாங்க, அதுல மூணுல ரெண்டு பங்கு ஓனர்ங்க சம்மதிச்சா இடிச்சுக் கட்டலாம்னு இருக்கு. மொத்த மனை எவ்வளவு, உங்க பங்கு எவ்வளவுன்னு சதுர அடில கேளுங்க. படிக்கட்டு, லிஃப்ட் மாதிரி பொது இடத்தையும் சேர்த்து சூப்பர் பில்டப்னு சொல்ற கணக்கை ஓரமா வச்சுட்டு, வீட்டுக்குள்ள நாம புழங்குற இடமான கார்ப்பெட் ஏரியாவைக் கேளுங்க, ரெரான்னு சொல்ற ரியல் எஸ்டேட் சட்டப்படி பில்டர் அதைச் சொல்லியே ஆகணும். வீட்டை ஒப்படைச்சு 5 வருஷத்துக்குள்ள கட்டுமானக் குறை தெரிஞ்சா பில்டர் காசு வாங்காம சரிபண்ணித் தரணும், அதுவும் அந்தச் சட்டத்துல இருக்கு. குறையை எழுத்துல குடுங்க, ஃபோன்ல சொன்னா காத்தோட போயிடும்.

மாசச் செலவுல எல்லாரும் மறக்கறது காமன் ஈபி, அதாவது பொது இடத்துக்கான கரண்ட் பில். வீட்டுக்கு ரெண்டு மாசத்துக்கு 100 யூனிட் இலவசம் வரும், ஆனா மோட்டார், லிஃப்ட், படிக்கட்டு லைட்டுக்குத் தனி மீட்டர், தனி ரேட். 2023-ல அந்த ரேட்டைக் குறைச்சப்போ அது லிஃப்ட் இல்லாத, 10 வீட்டுக்குள்ள, மூணு மாடிக்குள்ள இருக்கிற கட்டடத்துக்கு மட்டும்தான். எங்களுக்கு இல்ல. பெரிய கம்யூனிட்டில மெயின்டனன்ஸ் மாசம் 7,500 ரூபாயைத் தாண்டி, அசோசியேஷனோட வருஷ வசூலும் 20 லட்சத்தைத் தாண்டினா ஜிஎஸ்டி 18 சதவீதம் வேற. இஎம்ஐ கட்ட முடியும்னு கணக்குப் போடும்போது இதையும் சேர்த்துப் போடுங்க.

கடைசியா யாரும் கேக்கக் கூச்சப்படுற ஒண்ணு. எங்க மாமியார் தவறினது ராத்திரியில. லிஃப்ட்ல ஸ்ட்ரெச்சரைப் படுக்க வச்சுக் கொண்டுபோக இடம் பத்தல, படிக்கட்டு வழியாத்தான் இறக்கினோம், அதைத் தூக்கினது எதிர் வீட்டுப் பையனும் ரெண்டாவது மாடியில வாடகைக்கு இருந்த தம்பியும். நாங்க கேக்கறதுக்கு முன்னாடியே கீழ நாலு காரைத் தெருவுக்கு எடுத்துட்டாங்க, ஐஸ் பெட்டி வைக்க இடம் ஆச்சு. என் நாத்தனார் இருக்கிற கம்யூனிட்டில, உடம்பை உள்ள வைக்கக் கூடாது, நேரா மயானத்துக்குக் கொண்டுபோங்கன்னு விதியே வச்சிருக்காங்க. வீட்ல பெரியவங்க இருந்தா இதைக் கேட்டுத் தெரிஞ்சுக்குங்க, அசிங்கமா நினைக்காதீங்க. லிஃப்ட்டையும் அளந்து பாருங்க.

சைட்டுக்கு ஞாயித்துக்கிழமை போகாதீங்க. வேலை நாள்ல காலையில ஆறு மணிக்குப் போய் கேட்டுக்கு வெளிய நில்லுங்க, எத்தனை லாரி உள்ள போகுதுன்னு தெரியும். வாட்ச்மேன் அண்ணன்கிட்ட பேச்சுக் குடுங்க, மழைக்கு எது வரைக்கும் தண்ணி நின்னுச்சுன்னு கையைக் காட்டிச் சொல்வார், ஈபி பேனலும் ஜெனரேட்டரும் அதுக்கு மேல இருக்கான்னு பாருங்க. ரீசேல்ல வாங்குறதா இருந்தா அசோசியேஷனோட ரெண்டு வருஷக் கணக்கைக் கேளுங்க, காட்ட மாட்டேன்னா அந்த வீடு வேண்டாம். ஏற்கனவே வாங்கிட்டீங்க, உங்க இடத்துலயும் சதுர அடிக்குத்தான் தண்ணிக் காசு பிரிக்கிறாங்கன்னா, நாங்க மீட்டருக்குப் போட்ட தீர்மானமும் வீட்டுவாரிக் கணக்குத் தாளும் என்கிட்ட இருக்கு, தமிழ்லயே எழுதினது. கேளுங்க, அனுப்பி வைக்கிறேன்.