இரண்டு மருந்துக்கும் அடங்காத வலிப்பு: தம்பிக்கு வீடியோ இஇஜி தேவையா?

மூன்று வருடமாக இரண்டு மருந்தைத் தவறாமல் சாப்பிட்டும் தம்பிக்கு வலிப்பு நிற்கவில்லை, மருத்துவர் வீடியோ இஇஜி எடுக்கச் சொல்கிறார், மண்டையைத் திறந்துவிடுவார்களோ என்று அம்மா அழுகிறார் என எழுதியிருந்தீர்கள். இது மூளையின் மின் அலைகளையும் வலிப்பு வரும் காட்சியையும் ஒருசேரப் பதிவுசெய்யும் வெறும் பரிசோதனைதான், கத்தியே கிடையாது.

மருத்துவர் அவசரப்படவில்லை. கிளாஸ்கோவில் குவானும் பிராடியும் 525 பேரைத் தொடர்ந்து கவனித்து 2000இல் வெளியிட்ட ஆய்வில், அதற்குமுன் மருந்தே எடுக்காத 470 பேரில் 47 சதவீதத்தினருக்கு முதல் மருந்திலேயே வலிப்பு நின்றது. முதல் இரண்டும் பலிக்காதவர்களில் மூன்றாவது மருந்து கைகொடுத்தது வெகு சிலருக்கே.

என் தங்கைக்கும் எடுத்தோம். தலை முழுக்கப் பசை தடவி ஒயர்களை ஒட்டி, மருந்தைக் குறைத்து, கேமராவைத் திருப்பி வைத்துவிட்டுக் காத்திருந்தார்கள். 'வராதே' என்று வருடக்கணக்கில் வேண்டிய நாங்கள் அங்கே 'வந்து தொலை' என்று வேண்டினோம்! மூன்றாம் நாள் இரவு வந்தது. முதலில் உதட்டைச் சப்பினாள், பிறகுதான் இடது கை முறுக்கியது. நாங்கள் அதுவரை உதட்டைக் கவனித்ததே இல்லை.

வலிப்பு ஒரே இடத்தில், குறிப்பாகப் பொட்டு மடலில் (காதுக்கு மேலே, நெற்றிப்பொட்டின் உள்ளே இருக்கும் மூளைப் பகுதி) தொடங்குகிறது என்று உறுதியானால்தான் அறுவைசிகிச்சைப் பேச்சே வரும். கனடாவில் வீப் குழுவினர் 80 பேரிடம் நடத்தி 2001இல் வெளியிட்ட சோதனையில், ஓராண்டு முடிவில் நினைவிழக்கும் வலிப்பின்றி இருந்தவர்கள் அறுவைசிகிச்சைப் பிரிவில் 58 சதவீதம், மருந்துப் பிரிவில் 8. திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ நிறுவனத்தில் இந்த அறுவைசிகிச்சை 1995 முதல் நடக்கிறது.

வீட்டில் நீங்களாக மருந்தைக் குறைக்காதீர்கள். அடுத்த முறை வரும்போது சாவிக்கொத்தைத் தேடி ஓடாமல், தம்பியை ஒருக்களித்துப் படுக்கவையுங்கள். வேறு யாராவது கைபேசியில் படம்பிடிக்கட்டும்.