மூன்று சுற்றுகள் – கடிதம்

அன்புள்ள சார்,

ஆர்சி கார்களை, அதாவது ரிமோட்டில் ஓடும் சிறு கார்களைப் பற்றி நீங்கள் எழுதுவதைத் தொடர்ந்து படித்துவருகிறேன். அந்த ஆசையில்தான் நானும் ஒரு 1/10 அளவு டூ வீல் டிரைவ் பகி (மண்ணில் ஓடும் பந்தயக் கார்) கிட் வாங்கி, இரண்டு வாரம் ராத்திரியெல்லாம் உட்கார்ந்து கோர்த்து முடித்தேன். 17.5 டர்ன் பிரஷ்லெஸ் மோட்டார், 2எஸ் (இரண்டு செல்) லைபோ பேட்டரி, பின்னால் பால் டிஃப் (இரண்டு சக்கரமும் வெவ்வேறு வேகத்தில் சுற்ற விடும், உருண்டைகள் வைத்த டிஃபரென்ஷியல்). எங்கள் கிளப்பில் ஸ்டாக் பிரிவில் மூன்று பந்தயம் ஓடிவிட்டேன். மண் ட்ராக். மூன்று முறையும் சி ஃபைனலில் (ஏ, பி இரண்டுக்கும் கீழான ஃபைனல்) கடைசி இரண்டு இடங்களுக்குள்தான் வந்தேன்.

போன பந்தயத்தின் லேப் ஷீட்டை (ஒவ்வொரு சுற்றின் நேரமும் உள்ள தாள்) இணைத்திருக்கிறேன். ஐந்து நிமிடப் பந்தயம், நேரம் முடியும்போது ஓடிக்கொண்டிருக்கும் சுற்றும் கணக்கில் சேரும். 10 சுற்று, 5 நிமிடம் 18 நொடி. என் வேகமான சுற்று 24.6. ஏ ஃபைனலில் ஜெயித்தவர் 13 சுற்று, 5 நிமிடம் 10 நொடி. வளைவிலிருந்து வெளியே வரும்போது என் காரின் பின்பக்கம் சுழன்றுவிடுகிறது. அதில் ஒருமுறை ஓரக் குழாயில் மாட்டிக்கொண்டது. பெரிய ஜம்பில் இரண்டு முறை வலது பக்கமாகக் கவிழ்ந்தது. ஓட்ட ஓட்டப் பழகிவிடும் என்கிறார்கள் நண்பர்கள்.

கையில் கொஞ்சம் பணம் சேர்ந்திருக்கிறது. 13.5 டர்ன் மோட்டார் போடலாமா, அலுமினிய ஆர்ம்களும் (சக்கரத்தைத் தாங்கும் கைகள்) கார்பன் ஷாக் டவரும் (ஷாக் அப்சார்பரின் மேல்முனையைப் பிடிக்கும் தட்டு) போடலாமா? எதை முதலில் மாற்றுவது?

எம்.

*

அன்புள்ள எம்.,

உங்கள் கடிதத்தைவிட லேப் ஷீட்டைத்தான் அதிக நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பத்தில் ஏழு சுற்று 24.6-க்கும் 27-க்கும் நடுவில் இருக்கிறது. கூட்டினால் 180 நொடி. சராசரி 25.7. மிச்சமுள்ள மூன்று சுற்று 45, 41, 52. அந்த மூன்றுக்கு மட்டும் 138 நொடி போயிருக்கிறது. அவையும் உங்கள் வழக்கமான 25.7-ல் முடிந்திருந்தால் 12 சுற்றை 5 நிமிடம் 8 நொடியில் முடித்திருப்பீர்கள். ஒரு ஸ்க்ரூவைக்கூட மாற்றாமல், இப்போது கையில் இருக்கும் இதே காரில்.

மோட்டாருக்கும் அதே கணக்கைப் போட்டுப் பாருங்கள். டர்ன், அதாவது கம்பிச் சுற்று, குறைந்தால் மோட்டாரின் வேகம் கூடும். 13.5 போட்டதும் சுற்றுக்கு ஒரு முழு நொடி மிச்சமாகிறது என்றே வைத்துக்கொள்வோம். பத்து சுற்றுக்குப் பத்து நொடி. 5:18 என்பது 5:08 ஆகும். சுற்று அதே பத்துதான். அதோடு ஸ்டாக் பிரிவு 17.5 என்று விதி இருக்கும் இடத்தில் 13.5 போட்ட காரை ஓட்ட விடமாட்டார்கள், நீங்கள் மேல் பிரிவுக்குப் போக வேண்டியிருக்கும். பின்சக்கரம் இப்போதே பிடியை விடுகிறது. அதற்கு இன்னும் சக்தி கொடுத்தால் இன்னும் சீக்கிரம் விடும். அதனால் மோட்டாரை இந்த வருடம் மறந்துவிடுங்கள்.

பழகிவிடும் என்று நண்பர்கள் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. ஆனால் ஒரே ஜம்பில், ஒரே வேகத்தில், ஒருமுறை நேராக இறங்கி மறுமுறை வலது பக்கம் சாயும் காரை யாராலும் பழக முடியாது. கை எதைக் கற்றுக்கொள்ளும்? முதலில் கார் ஒவ்வொரு சுற்றிலும் ஒரே மாதிரி நடந்துகொள்ள வேண்டும். அதற்கு உதவும் வேலையைத்தான் நான் மேம்பாடு என்று சொல்வேன். அதில் பெரும்பகுதிக்குப் பணம் தேவையில்லை, பொறுமை போதும்.

ஜம்பில் கவிழ்வதை முதலில் எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் என் முதல் காரும் அப்படித்தான் கவிழ்ந்தது. ஒரு சீசன் முழுக்க. ட்ராக் சாய்வாக இருக்கிறது என்று நினைத்தேன். ஸ்பிரிங்கை மாற்றினேன், பேட்டரியை அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் தள்ளினேன். கடைசியில் கிளப்பில் ஒரு பெரியவர் என் பின் ஷாக் இரண்டையும் கழற்றச் சொன்னார். ஸ்பிரிங்கை எடுத்துவிட்டு, இரண்டின் கீழ்முனைகளையும் எதிரெதிரே வைத்து அமுக்கினார். வலது ஷாக் முழுக்க உள்ளே போய்விட்டது, இடது பாதியிலேயே நின்றது. இடதில் எண்ணெய் அதிகம், வலதில் காற்று. ஜம்பின் உச்சியை விட்டுக் கிளம்பும்போது இடது பக்கம் அதிகமாக உதைத்திருக்கிறது, கார் வலது பக்கம் சாய்ந்திருக்கிறது. அவ்வளவுதான் விஷயம். அதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு வருடம் ஆனது. உங்கள் காரிலும் முதலில் இதைத்தான் பார்க்க வேண்டும்.

அதனால் நான்கு ஷாக்கையும் கழற்றி மறுபடி கட்டுங்கள். ஓ-ரிங்குக்குச் சிலிக்கான் கிரீஸ் தடவுங்கள். பிஸ்டனைக் கீழே இழுத்துவிட்டு எண்ணெயை விளிம்புவரை ஊற்றுங்கள். பிஸ்டன் எண்ணெய்க்கு மேலே வராதபடி மெதுவாக ஏற்றி இறக்குங்கள், குமிழி குமிழியாகக் காற்று வெளியே வரும். அப்புறம் ஷாக்கை நிமிர்த்தி வைத்துவிட்டு ஒரு பத்து நிமிடம் வேறு வேலை பாருங்கள். இந்தப் பத்து நிமிடத்தைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். மூடியில் சின்னத் துளையும் ஸ்க்ரூவும் இருக்கும் வகை என்றால், ஸ்க்ரூவைத் திறந்து வைத்து மூடியைப் போட்டு, தண்டை மெல்ல மேலே தள்ளுங்கள். மிச்ச எண்ணெய் கசிந்து வெளியேறும். தண்டு முழுக்க உள்ளே இருக்கும்போதே ஸ்க்ரூவை மூடுங்கள். இப்போது தண்டை அமுக்கிவிட்டால் எவ்வளவு திரும்பி வருகிறதோ, ஜோடி ஷாக்கிலும் அதே அளவு வர வேண்டும். வரவில்லை என்றால் திறந்து மறுபடி செய்யுங்கள். எனக்கு இன்றும் முதல் முறையே சரியாக வந்துவிடுவதில்லை.

அடுத்தது நீளம். ஷாக்கை முழுக்க நீட்டி, காலிப்பரில் அளந்து இடதையும் வலதையும் ஒன்றாக்குங்கள். கீழ்முனைப் பிளாஸ்டிக்கைத் தண்டில் திருகும்போது ஒரு சுற்று கூடக் குறைய இருந்தால் போதும், ஒரு சக்கரம் மற்றதைவிட முன்னதாகத் தரையை விடும்.

ஷாக் எண்ணெய்ப் புட்டியில் எழுதியிருக்கும், கெட்டித்தன்மையைச் சொல்லும் வெயிட் எண்ணை மட்டும் நம்ப வேண்டாம். ஒருவருடைய 30 இன்னொருவருடைய 30 ஆக இருப்பதில்லை. சிஎஸ்டி (சென்டிஸ்டோக், பாகுத்தன்மையின் அளவு) எண்ணும் போட்டிருப்பார்கள், அதைக் குறித்துக்கொள்ளுங்கள். நான் பயன்படுத்தும் 30 வெயிட் 350 சிஎஸ்டி. வெயில் ஏற ஏற எண்ணெய் இளகும் என்பதும் நினைவிருக்கட்டும். காலையில் நன்றாக இறங்கிய கார் மத்தியானம் அடிப்பாகம் தரையில் தட்டினால் உங்கள் கை மட்டுமே காரணம் என்று நினைக்காதீர்கள்.

ஷாக் கழன்று இருக்கும்போதே ஆர்ம்களையும் பார்த்துவிடுங்கள். ஒவ்வொரு ஆர்மையும் தூக்கிவிட்டால் அதன் எடையிலேயே தொப்பென்று விழ வேண்டும். பாதியில் நின்றால் கீல் பின் இறுக்கமாக இருக்கிறது அல்லது வளைந்திருக்கிறது என்று பொருள். வளைந்த பின்னைத் தட்டி நிமிர்த்தாமல் புதிதாகப் போடுங்கள், அது மலிவான பொருள்தான்.

தரையிலிருந்து காரின் உயரத்தைப் பேட்டரி, பாடி எல்லாம் வைத்து அளக்க வேண்டும். காரை ஒரு சாண் தூக்கிக் கீழே விட்டு, அது தானாக உட்கார்ந்த பிறகு பாருங்கள். பின் டிரைவ் ஷாஃப்ட் இரண்டும் தரைக்கு இணையாகக் கிடந்தால் நல்ல தொடக்கம்.

சரி, சுழற்சிக்கு வருகிறேன்.

உங்கள் கடிதத்தில் டயரைப் பற்றி ஒரு வார்த்தைகூட இல்லை. கிட்டோடு வந்த டயரா? அப்படியென்றால் பாதிப் பிரச்சினை அங்கேதான். தளர்ந்த மண்ணுக்கு நீளமான முள், இறுகி வழுவழுப்பான மண்ணுக்குக் குட்டை முள், கம்பளத்துக்கு வேறு. இதைப் புத்தகத்தில் தேட வேண்டாம். உங்கள் ட்ராக்கில் ஏ ஃபைனல் ஓடுகிறவர்களின் பின் டயரைப் பார்த்து அதே மாதிரி, அதே ரப்பர் வகை வாங்குங்கள். கேட்டால் சொல்வார்கள். நான் கேட்டு யாரும் மறைத்ததில்லை. ஒட்டும்போது டயரின் விளிம்பில் இருக்கும் வழவழப்பைத் துடைத்துவிட்டு ஒட்டுங்கள். பந்தயத்துக்கு முன்னால் விளிம்பை விரலால் விலக்கிப் பாருங்கள். ஒரு விரற்கடை அளவு பிரிந்திருந்தாலும் வளைவில் கார் திடீரென்று விட்டுவிடும்.

அடுத்தது டிஃப். ஒரு பின்சக்கரத்தையும் ஸ்பர் கியரையும் (மோட்டாரின் பல்சக்கரம் சுழற்றும் பெரிய பல்சக்கரம்) அசையாமல் பிடித்துக்கொண்டு மற்ற சக்கரத்தை முன்னால் சுற்றிப் பாருங்கள். சுலபமாகச் சுற்றினால் டிஃப் தளர்ந்திருக்கிறது. பால் டிஃபுக்குப் பழக்கும் நேரம் வேண்டும். காரைத் தூக்கிப் பிடித்து, ஒரு சக்கரத்தை நிறுத்தி, குறைந்த த்ராட்டிலில் அரை நிமிடம் ஓடவிட்டு, பக்கம் மாற்றி இன்னொரு அரை நிமிடம். அப்புறம் மறுபடி சோதித்து, தேவையான அளவு மட்டும் இறுக்குங்கள். மூன்று பந்தயம் தளர்வாகவே ஓடியிருந்தால் உருண்டைகளும் வளையங்களும் தேய்ந்திருக்கும். கையால் சுற்றும்போது மணல் அரைபடுவது போல இருந்தால் பிரித்துச் சுத்தம் செய்யுங்கள், வளையங்களைத் திருப்பிப் போடுங்கள் அல்லது மாற்றுங்கள்.

ஸ்லிப்பருக்கு (மோட்டாரின் திடீர் இழுப்பை நழுவவிடும் கிளட்ச்) ஒரே விதிதான்: டிஃப் நழுவுவதற்கு முன்னால் ஸ்லிப்பர் நழுவ வேண்டும். நின்ற இடத்திலிருந்து முழு த்ராட்டில் கொடுத்தால் முதல் அரை மீட்டர் தூரம் அது நழுவும் சத்தம் கேட்கும்படி வையுங்கள்.

இவ்வளவும் செய்த பிறகும் சுழன்றால் ரிமோட்டுக்குப் போங்கள். ஸ்டீயரிங் டூயல் ரேட்டை (சக்கரம் அதிகபட்சம் எவ்வளவு திரும்பும் என்ற அளவு) பத்து சதவீதம் குறையுங்கள். த்ராட்டில் எக்ஸ்போவை (விசை அசைவுக்கு மோட்டார் பதில் தரும் விதம்) தொடக்கத்தில் மென்மையாக இருக்கும்படி வையுங்கள். பின் ஸ்பிரிங், கேம்பர் லிங்க் (சக்கரத்தின் சாய்வை அமைக்கும் கம்பி), பேட்டரியின் இடம் எல்லாம் அப்புறம். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள், மாற்றியதை நோட்டில் எழுதுங்கள். இரண்டை ஒன்றாக மாற்றிவிட்டு எது வேலை செய்தது என்று தெரியாமல் நான் வீணாக்கிய சனிக்கிழமைகள் ஏராளம்.

இனி அலுமினிய ஆர்ம். வேண்டாம். பிளாஸ்டிக் ஆர்ம் மோதும்போது வளைகிறது, வளைந்து அதிர்ச்சியைத் தானே வாங்கிக்கொண்டு திரும்ப நேராகிறது. மோசமான மோதலில் உடைகிறது, பத்து நிமிடத்தில் மாற்றிவிடலாம். அலுமினியம் வளைந்தால் அப்படியே நின்றுவிடும், வளையாவிட்டால் அடியை உள்ளே தள்ளிக் கியர்பாக்ஸ் பெட்டியையோ பல்க்ஹெட்டையோ (ஆர்ம்கள் மாட்டியிருக்கும் பகுதி) உடைக்கும். எடையும் கூடும், அதுவும் சக்கரத்துக்குப் பக்கத்தில். 1984-ல் வந்த, அசோசியேட்டட் நிறுவனத்தின் ஆர்சி10 காரை நினைத்துப் பாருங்கள். பந்தயத்துக்கென்றே செய்த பகி அது. பொன்னிறத்தில் தொட்டி மாதிரி அலுமினிய சேஸிஸ், ஆனால் ஆர்ம்கள் நைலான். உலோகத்தில் செய்யத் தெரியாமல் அப்படிச் செய்யவில்லை. அடுத்த வருடமே, 1985-ல் கலிஃபோர்னியாவில் நடந்த, 1/10 ஆஃப் ரோடு கார்களுக்கான முதல் உலகப் போட்டியில் டூ வீல் டிரைவ் பட்டத்தை அந்தக் கார்தான் வாங்கியது. கார்பன் டவர் கெடுதல் செய்யாது, பழைய டவர் உடைந்தால் போட்டுக்கொள்ளுங்கள். அலுமினியம் உங்களுக்குப் பயன்படும் ஓர் இடம் சர்வோ ஹார்ன், அதாவது ஸ்டீயரிங்கைத் திருப்பும் சர்வோ மோட்டாரின் சின்னக் கை. அது வளைந்து கொடுத்தால் முன்சக்கரம் நேராக நிற்காது.

சேர்த்த பணத்துக்கு என் யோசனை: பின் டயர் இரண்டு ஜோடி, முன் டயர் ஒரு ஜோடி, முன்னும் பின்னுமாக ஒரு செட் பிளாஸ்டிக் ஆர்ம், கீல் பின்கள், டிஃப் பழுதுபார்க்கும் பாக்கெட். 1.5, 2, 2.5 மில்லிமீட்டர் ஹெக்ஸ் டிரைவர்கள் நல்ல எஃகில். மட்டமான டிரைவர் ஸ்க்ரூவின் தலையை மழுக்கிவிடும், அப்புறம் ஒரு சின்ன வேலைக்கு ஒரு மணி நேரம் போகும். மிச்சம் இருந்தால் ஓர் இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டர். ஓடி முடித்ததும் மோட்டாரைப் பாருங்கள், 70 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் பினியனில் (மோட்டார் தண்டில் இருக்கும் சின்னப் பல்சக்கரம்) ஒரு பல் குறையுங்கள். லைபோவை முழு சார்ஜில் வாரக்கணக்கில் வைக்காதீர்கள், செல்லுக்கு 3.8 வோல்ட்டில் வைத்துவிடுங்கள். சார்ஜ் ஆகும்போது பக்கத்திலேயே இருங்கள்.

பயிற்சிக்கு ஒரு வழி சொல்கிறேன். அடுத்த முறை கிளப்பில் வேகத்தை மறந்துவிட்டு, எங்கும் மோதாமல் பத்து சுற்று ஓட்டுங்கள். மோதினால் எண்ணிக்கை மறுபடி ஒன்றிலிருந்து. ஜம்பில் காற்றில் இருக்கும்போது த்ராட்டில் கொடுத்தால் மூக்கு உயரும், பிரேக் தொட்டால் தாழும். அதை அந்தப் பெரிய ஜம்பில் நிதானமாகச் செய்து பாருங்கள். ஷாக் சரியான பிறகு செய்தால்தான் அதில் அர்த்தம் இருக்கும்.

அடுத்த பந்தயத்தின் ஷீட்டையும் அனுப்புங்கள். வேகமான சுற்று 24.6-ஐவிடக் கூடியிருந்தாலும் கவலை வேண்டாம். 30 நொடிக்கு மேல் எத்தனை சுற்று இருக்கிறது என்றுதான் நான் முதலில் பார்ப்பேன்.