வீட்டிலிருந்தே பட்டம்: கட்டணம் கட்டுவதற்கு முன்

கேள்வி: கல்லூரிப் படிப்பை முதலாண்டோடு விட்டுவிட்டேன். இப்போது முழுநேர வேலை, இரண்டு குழந்தைகள். ஆன்லைனில் பட்டம் வாங்கினால் செல்லுமா? என்னால் முடிக்க முடியுமா?

பதில்: முறையான அங்கீகாரம் இருந்தால் செல்லும். வகுப்புக்குப் போகாமல் பட்டம் வாங்குவது புதிதல்ல; லண்டன் பல்கலைக்கழகம் 1858-லேயே அதற்கு வழி திறந்துவிட்டது.

ஆனால் கல்லூரியின் இணையதளத்தில் ‘அங்கீகாரம் பெற்றது’ என்று போட்டிருப்பதை மட்டும் நம்பிவிடாதீர்கள். போலிப் பட்டம் விற்பவர்கள் அங்கீகாரம் கொடுக்கும் அமைப்பையும் தாங்களே உருவாக்கி வைத்திருப்பார்கள். அவர்கள் தரும் லிங்க்கை அழுத்தினால் அங்கேதான் போய் நிற்பீர்கள். அந்தக் கல்லூரி இருக்கும் நாட்டின் உயர்கல்வி ஒழுங்குமுறை அமைப்பின் தளத்தை நீங்களே தேடித் திறந்து, பெயரை எழுத்தெழுத்தாக ஒப்பிடுங்கள். புகழ்பெற்ற பல்கலைக்கழகத்தின் பெயரில் ஒரே ஒரு சொல்லை மாற்றி ஏமாற்றுவதும் உண்டு. பல்கலைக்கழகத்தின் பெயர் அந்த அமைப்பின் பட்டியலில் இருந்தாலும் அதோடு விடாதீர்கள். நீங்கள் சேரும் படிப்பை, நீங்கள் சேரும் ஆண்டில், ஆன்லைனில் நடத்த அனுமதி உண்டா என்று பாருங்கள். செவிலியர், சட்டம் போல உரிமம் தேவைப்படும் தொழில் என்றால் அந்தத் தொழிலின் கவுன்சிலிடம் எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

முடிக்க முடியுமா என்ற கேள்விக்கு ஒரு கணக்குப் போடலாம். ஐரோப்பிய முறையில் ஓராண்டுப் படிப்பு 60 கிரெடிட் (படிப்பின் அளவைக் கணக்கிடும் அலகு). ஒரு கிரெடிட்டுக்கு 25 முதல் 30 மணி நேர உழைப்பு. நீங்கள் பாதி வேகத்தில், ஆண்டுக்கு 30 கிரெடிட் எடுத்தால்கூட 750 முதல் 900 மணி நேரம், அதாவது வாரத்துக்குச் சுமார் 14 முதல் 17 மணி நேரம் வேண்டும். மூன்றாண்டுப் பட்டம் அந்த வேகத்தில் ஆறாண்டு ஆகும். சேருவதற்கு முன்பே நான்கு வாரம் அந்த நேரத்தை ஒதுக்கி, ஏதாவது ஓர் இலவசப் பாடத்தைப் படித்துப் பாருங்கள். குழந்தைகள் தூங்கிய பிறகு படிக்கலாம் என்ற திட்டம் நிற்குமா என்பது இரண்டாவது வாரத்திலேயே தெரிந்துவிடும். வீடியோவை ஓடவிட்டுக் கேட்பதைப் படித்த கணக்கில் சேர்க்காதீர்கள். அதை மூடிவிட்டு, பார்க்காமல் ஒரு பக்கம் எழுதிப் பாருங்கள். எழுத வராத இடம்தான் இன்னும் படிக்க வேண்டிய இடம்.

தேர்வு எப்படி நடக்கும் என்பதையும் முன்பே கேளுங்கள். சில இடங்களில் தேர்வு மையத்துக்குப் போக வேண்டும். வீட்டிலேயே என்றால் கேமராவைச் சுழற்றி அறை முழுவதையும் காட்டச் சொல்வார்கள். நடுவில் ஒரு குழந்தை உள்ளே வந்தாலே விளக்கம் கேட்கலாம். அன்றைக்குக் கதவைச் சாத்திக்கொள்ளும் ஓர் அறையும், பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆளும் வேண்டும்.

விட்டுப்போன அந்த முதலாண்டு வீண் என்று நினைக்க வேண்டாம். பழைய கல்லூரியிலிருந்து மதிப்பெண் பட்டியலையும் பாடத்திட்டத்தையும் வாங்கி அனுப்பி, எத்தனை கிரெடிட்டை ஏற்கெனவே படித்ததாக ஏற்றுக்கொள்வார்கள் என்று புதிய இடத்தில் கேளுங்கள். எழுத்தில் பதில் வந்த பிறகே பணம் கட்டுங்கள்.