விரை இறங்கவில்லை என்றால் என்ன மெடிக்கல் கோடு?

'இடது விரை இறங்கவில்லை' (அதாவது விரைப்பைக்குள் வரவில்லை) என்று மட்டும் நோயாளியின் சார்ட்டில் இருக்கிறது, ஐசிடி-10-சிஎம்மில், அதாவது நோய்களுக்கான அமெரிக்கக் கோடு பட்டியலில், எதைப் போடுவது என்று கேட்டிருக்கிறீர்கள். அவ்வளவுதான் இருக்கிறது என்றால் கியூ53.10. ஆனால் உடனே போட்டுவிடாதீர்கள், ஆபரேஷன் நோட் இருந்தால் புரட்டிப் பாருங்கள், விரை கவட்டுக் கால்வாயில் (இன்குவினல் கேனல்) இருந்தது என்று டாக்டர் எழுதியிருந்தால் கியூ53.112, வயிற்றுக்குள் என்றால் கியூ53.111. இரண்டு பக்கமும் என்றால் கியூ53.2 வரிசைக்குப் போங்கள்.

வேடிக்கை என்னவென்றால், இடதா வலதா என்று இந்தக் கோடு சொல்லவே சொல்லாது, அதை ஆபரேஷன் கோடோடு ஒட்டும் எல்டி (இடது), ஆர்டி (வலது) என்ற மாடிஃபையர்தான் சொல்லும்.

காட்பாடியில் கோடிங் பயிற்சியில் இருந்தபோது நான் சறுக்கியது வேறு இடத்தில். டாக்டர் 'ரிட்ராக்டைல்' என்று தெளிவாக எழுதியிருந்தார், அதாவது கையால் இழுத்தால் பைக்குள் வந்துவிடும், அப்புறம் மேலே ஏறிக்கொள்ளும். அதுவும் இறங்காத விரைதானே என்று கியூ53 போட்டேன். அதற்குத் தனியாகக் கியூ55.22 இருக்கிறது. கோடுகளைச் சரிபார்க்கும் ஆடிட்டில் தப்பு என்று திரும்பி வந்தது.