18 குழிக்கும் பணம் கட்டாதீர்கள்

கேள்வி: பெங்களூரு அல்சூரில் இருக்கிறோம். பையனுக்கு 7 வயது, பெண்ணுக்கு 4. ஞாயிற்றுக்கிழமை, காட்டு விலங்கு பொம்மையும் காற்றாலையும் வைத்த பாதையில் பந்தை மட்டையால் தட்டிக் குழியில் போடும் மினி கோல்ஃபுக்கு அழைத்துப் போகிறோம். ஏஜென்ட் ஒருவர் வாட்ஸ்அப்பில் ‘ஃபேமிலி பேக்’ தருகிறார்: நாலு பேருக்கு 18 குழி, சாப்பாட்டுக் கூப்பன். முழுப்பணமும் இன்றே கட்டணும், திரும்பக் கிடைக்காதாம். சின்னவள் 18 குழியும் தாங்குவாளா?

பதில்: தாங்கமாட்டாள். ஒரு குழிக்கு ஆளுக்கு அதிகபட்சம் 6 முறை பந்தை அடிக்கலாம் என்பது வழக்கம். சின்னப் பிள்ளைகள் அந்த ஆறையும் அடித்துத் தீர்ப்பார்கள். நாலு பேருக்கு 24 அடி. அடிக்குக் கால் நிமிஷம் வைத்தாலே குழிக்கு 6 நிமிஷம், 18 குழிக்கு 108 நிமிஷம். நீங்கள் இரண்டே அடியில் முடித்து மிச்சம் பிடிக்கும் நேரம், யானைக்காலுக்கு அடியில் போன பந்தைத் தேடுவதில் போய்விடும். நாலு வயசுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் பொறுமை கிடையாது. கவுண்டரில் 9 குழிக்குக் கேளுங்கள். இல்லையென்றால் பிள்ளைகளில் பையனுக்கு மட்டும் டிக்கெட் எடுத்து, சின்னவள் அம்மாவின் பந்தையே அடிக்கலாமா என்று கேளுங்கள். குழந்தைக் கட்டணம் வயதை வைத்தா, உயரத்தை வைத்தா என்பதையும் சேர்த்தே கேட்டுவிடுங்கள்.

ஏஜென்ட்டை விட்டுவிடுங்கள். அவர் பேக்கில் எழுதாமல் விட்டது எல்லாம் கவுண்டரில்தான் தெரியவரும்: ‘வார நாள் மட்டும்’, ‘மாலை 4 மணிக்கு முன்’, ‘சாக்ஸ் தனி’. ஒரே கியூஆர் கோடை நாலு குடும்பத்துக்கு அனுப்பியிருந்தால், முதலில் வந்தவருக்குத்தான் கதவு திறக்கும். மற்ற மூவருக்கும் ஏஜென்ட்டின் போன் ‘ஸ்விட்ச் ஆஃப்’.

பேக் வாங்கலாம் என்று சொல்லக்கூடியது ஒரே ஒரு சந்தர்ப்பம்: பிறந்தநாள் விருந்து. அதுவும் பத்துப் பிள்ளைகளுக்கு மேல், அதுவும் நேரடியாக அந்த இடத்தின் மேனேஜரிடம். பெயர், தேதி, மணி, பிள்ளைகளின் எண்ணிக்கை எல்லாம் பில்லில் இருக்கவேண்டும். மூன்று பேர் வராவிட்டால் என்ன, மழை வந்தால் என்ன என்பதும் எழுத்தில் வேண்டும். பெங்களூரில் மே மாதமும் செப்டம்பர், அக்டோபரும் சாயங்கால மழைக்குப் பேர்போனவை. திறந்தவெளிப் புல்விரிப்பு நனைந்தால் பந்து பாதி வழியில் நின்றுவிடும். அட்வான்ஸ் மட்டும் கொடுங்கள். உங்களுடையது பிறந்தநாள் அல்ல, நாலு டிக்கெட்.

கட்டிவிட்டு ஏமாந்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண் இருக்கிறது. புகாருக்கு ஒரு எண் தருவார்கள். அந்த எண்ணை வைத்துக்கொண்டு காத்திருக்க வேண்டியதுதான். ஆன்லைனில் பணம் கட்டும்போது கடைசிப் பக்கத்தில் திடீரென்று கட்டணம் ஏற்றுவதும் கேட்காத பொருளைக் கூடையில் திணிப்பதும் கூடாது என்று 2023 நவம்பரிலேயே மத்திய அரசின் வழிகாட்டுதல் வந்துவிட்டது. காகிதத்தில் ரொம்ப அழகாக இருக்கிறது.

இனி, நீங்கள் கேட்காத, ஆனால் கேட்டிருக்கவேண்டிய விஷயம்: மட்டை. இந்த விளையாட்டில் அடிபடுவது பந்தால் குறைவு, அண்ணன் பின்னால் ஓங்கும் மட்டையால்தான் அதிகம். தங்கையின் முகம் சரியாக அந்த உயரத்தில் இருக்கும். மட்டையின் தலை அடிக்கிறவனின் முழங்காலுக்கு மேலே வரக்கூடாது என்று முதல் குழியிலேயே சொல்லிவிடுங்கள். காத்திருப்பவர் நிற்கவேண்டிய இடம் அவனுக்கு எதிரில், நெஞ்சைப் பார்த்தபடி, இரண்டு மட்டை நீளம் தள்ளி. பந்து போகும் திசையிலும் நிற்கக்கூடாது, அதற்கு நேர் பின்னாலும் கூடாது. மட்டை வீசுவது அந்தக் கோட்டில்தான்.

மட்டையைத் தரையில் நிறுத்தினால் பிள்ளையின் இடுப்பளவு வரணும். நெஞ்சுக்கு வந்தால் அடிக்கும்போது பிடியின் முனை வயிற்றில் குத்தும், பிள்ளை மட்டையைத் தூக்கி அடிக்கும். சின்ன மட்டை கவுண்டருக்குப் பின்னால் இருக்கும், கேட்டால்தான் எடுப்பார்கள்.

மெதுவாக அடிக்கப் பழக்குங்கள். குழியின் விட்டம் 108 மில்லிமீட்டர், சாதாரண கோல்ஃப் பந்து கிட்டத்தட்ட 43. இரண்டரைப் பந்து அகலம் இருந்தும், வேகமாக வரும் பந்து விளிம்பைத் தாண்டி ஓடிவிடும். சறுக்குமேடு வரும் இடத்தில் மட்டும் சின்னவளின் பந்தை மேட்டுக்கு அந்தப்பக்கம் வைத்துவிடுங்கள். காற்றாலை இறக்கைக்குள் கை விட்டுப் பந்தை எடுக்க விடாதீர்கள்; தண்ணீரில் விழுந்தால் வலைக்கரண்டி கேளுங்கள்.

கடை திறந்த கையோடு காலையிலேயே போங்கள், பின்னால் அவசரப்படுத்த ஆள் இருக்காது. யாராவது வந்துவிட்டால் ஒதுங்கி வழிவிடுங்கள்.

18 குழியும் ஆடியே தீருவோம் என்றால் ஒன்றை முன்கூட்டியே சொல்லிவையுங்கள்: பல இடங்களில் கடைசிக் குழியில் விழுந்த பந்து குழாய் வழியாக கவுண்டருக்குப் போய்விடும், திரும்ப வராது. சொல்லாமல் விட்டால் அழுகை வீடு வரைக்கும் வரும்.