கேள்வி - பதில்

கேள்வி: ‘கறுப்புச் சாவு’ எனப்பட்ட கொள்ளைநோயில் பாதிப்பேர் மாண்டபின் இங்கிலாந்தில் கூலி எகிறியிருக்குமே, அரசர் தடுக்கவில்லையா?

பதில்: தடுத்துப் பார்த்தார். 1349-இலேயே மூன்றாம் எட்வர்டின் ஆணை வந்துவிட்டது: கூலி 1346 வாக்கில் இருந்த அளவைத் தாண்டக்கூடாது, சொந்த நிலமோ தொழிலோ இல்லாத, அறுபது வயதுக்கு உட்பட்டவர் கூப்பிட்ட வேலைக்கு வந்தாக வேண்டும். 1351 சட்டம் விகிதத்தையே எழுதி வைத்தது. புல் அறுக்க நாளுக்கு 5 பென்னி. கதிர் அறுக்க ஆகஸ்ட் முதல் வாரம் 2, அடுத்த வாரம் 3.

ஓட்டை மேலேயே இருந்தது. விளைந்த கதிர் ஆளுக்காகக் காத்திருக்குமா? பிரபுக்களே போட்டிபோட்டுச் சாப்பாடும் தானியமும் சேர்த்துக் கொடுத்து ஆள் பிடித்தார்கள். தண்டம் என்னவோ பெரும்பாலும் கூலி வாங்கியவன் தலையில்தான்! அந்தக் கசப்போடு 1380-இல் தலைக்கு 12 பென்னி வரியும் சேர, மறு ஆண்டே குடியானவர் கிளர்ந்து, தங்கள் கடமைகள் எழுதப்பட்ட பண்ணை ஏடுகளை எரித்தனர்.