கோத்தகிரி டீச்சருக்கு: மழைச் செய்தியில் தொடங்குங்கள்

வணக்கம் டீச்சர். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் சராசரிக்கும் இடைநிலை அளவுக்கும் (எண்களை வரிசைப்படுத்தினால் நடுவில் வருவது) சூத்திரத்தை ஒப்பிக்கிறார்கள், வித்தியாசம் புரியவில்லை, செய்தித்தாளை வைத்து எப்படி ஆரம்பிப்பது என்று கேட்டிருந்தீர்கள்.

நம்ம ஊர் மழையையே எடுங்கள். 2019 ஆகஸ்ட் 8 அன்று நம்ம நீலகிரியின் அவலாஞ்சியில் ஒரே நாளில் 82 செ.மீ. பதிவானதாகச் செய்தி வந்தது. சென்னைக்கு ஒரு வருடம் முழுக்கவே சுமார் 140 செ.மீ. தான். இதைச் சொன்னதும் வகுப்பு நிமிர்ந்து உட்காரும்.

அப்புறம், கற்பனையாக நான்கு ஊர்களைச் சேர்த்துக் கரும்பலகையில் எழுதுங்கள்: 5, 6, 8, 9, 82. சராசரி 22. இடைநிலை 8. "22 செ.மீ. பெய்த ஊர் எது?" என்று கேட்டுவிட்டுப் பேசாமல் இருங்கள். பதில் அவர்களிடமிருந்தே வரட்டும்; அவசரப்பட்டு நீங்கள் சொல்லிவிடாதீர்கள்.

நிகழ்தகவுக்கு, ஒரே வானிலைச் செயலியில் தினமும் மழை வாய்ப்பு எத்தனை சதவீதம் என்று குறிக்கச் சொல்லுங்கள். 70% என்று சொன்ன நாட்களை மட்டும் தனியே பிரித்து, எத்தனை நாள் பெய்தது என்று எண்ணட்டும். பத்து நாளில் மூன்று நாள் பெய்யாவிட்டாலும் கணிப்பு பொய்யில்லை. இதற்கு ஒரு மாதம் போதாது, பருவம் முழுக்க எழுதட்டும்.